எதிரில் ஆளில்லாத காலமா? ஹெவிவெயிட் வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

குத்துச்சண்டை வரலாற்றாசிரியர்களுக்கும், ஆண்டு தவறாமல் 'எல்லாக் காலத்திலும் சிறந்த ஹெவிவெயிட்கள்' (மிக அதிக எடைப் பிரிவு வீரர்கள்) என்று பட்டியல் வெளியிடும் எழுத்தாளர்களுக்கும், அமெரிக்காவின் கனஸ்டோட்டாவில் உள்ள குத்துச்சண்டைப் புகழ்மண்டபத்துக்கு வாக்களிக்கும் அன்பர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் பட்டியல்களில் ஒரே கருத்து அலுக்காமல் திரும்பி வருகிறது: நீண்ட காலம் ஆண்டவர்தான், ஆனால் எதிரில் ஆளில்லாத காலம் அது. ஜோ லூயிஸைப் பற்றி 1941-லேயே அப்படி எழுதினார்கள். லாரி ஹோம்ஸைப் பற்றியும் எழுதினார்கள். விளாடிமிர் கிளிட்ச்கோ பட்டத்தோடு இருந்த ஒன்பதரை ஆண்டும் வேறு எதையும் எழுதவில்லை என்றே சொல்லலாம். இப்போது ஒலெக்சாண்டர் உசிக்கின் முறை தொடங்கியிருக்கிறது. நால்வரும் வெவ்வேறு தலைமுறையினர். பாணி வேறு, மோதிய எதிராளிகள் வேறு. தீர்ப்பு மட்டும் மாறவே இல்லை. எனக்குச் சந்தேகம் அந்தத் தீர்ப்பின் மேல்தான்.

எதிராளியின் தரத்தை நீங்கள் அளப்பது அவருடைய வெற்றி தோல்விக் கணக்கை வைத்து. ஒருவர் பத்தாண்டு பட்டத்தை விடாமல் வைத்திருந்தால், அந்தப் பத்தாண்டின் நல்ல வீரர்கள் எல்லோருடைய கணக்கிலும் ஒரு பெரிய தோல்வி ஏறிவிடும், அதுவும் எல்லோரும் பார்த்த தோல்வியாக. பிறகு அந்தத் தோல்வியைக் காட்டியே அவர்களைச் சில்லறை வீரர்கள் என்கிறீர்கள். சில்லறை வீரர்களைத்தானே வென்றார் என்று சொல்லிச் சாம்பியனின் மதிப்பையும் குறைக்கிறீர்கள். செக்குமாடு சுற்றுவதுபோல் வாதம் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது.

நீங்கள் பொற்காலம் என்று கொண்டாடும் 1970-களை எடுத்துக்கொள்வோம். ஜோ ஃபிரேசியர் 1971 மார்ச்சில் முகமது அலியை வென்றார். அந்த ஃபிரேசியரை 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் விழவைத்தார். கென் நார்ட்டன் 1973 மார்ச்சில் அலியின் தாடையை உடைத்து வென்றார். அடுத்த ஆண்டு கராகஸில் அதே நார்ட்டனையும் ஃபோர்மன் இரண்டு சுற்றில் முடித்துவிட்டார். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் அலி எதிரே நின்றபோது ஃபோர்மனின் கணக்கு 40 போட்டி, 40 வெற்றி. அவற்றில் 37 நாக் அவுட்.

அன்று எட்டாவது சுற்றில் விழுந்தவர் அலியாக இருந்து, ஃபோர்மன் இன்னும் எட்டு ஆண்டு ஆண்டிருந்தால் நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள்? ஃபிரேசியர் குள்ளமானவர், ஒரு கையை மட்டும் நம்பியவர். நார்ட்டனுக்குப் பலத்த குத்தைத் தாங்கத் தெரியாது. அலி ராணுவத்தில் சேர மறுத்த வழக்கில் காலத்தைத் தொலைத்து வயதாகித் திரும்பியவர். ஆகவே ஃபோர்மனின் காலம் பலவீனமான காலம். ஆட்கள் அதே ஆட்கள், திறமை அதே திறமை. ஒரே ஒரு முடிவு மாறியிருந்தால் பொற்காலம் தகரமாகியிருக்கும். அந்தப் பத்தாண்டு நமக்கு மகத்தானதாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம், பட்டம் ஒரு கையில் நிலைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததுதான்.

ஜோ லூயிஸுக்கு வருகிறேன், ஏனென்றால் அநியாயம் அங்கேதான் முதலில் அச்சேறியது. 1937 ஜூன் 22 அன்று சிகாகோவில் ஜேம்ஸ் பிராடக்கை எட்டாவது சுற்றில் வீழ்த்திப் பட்டம் பெற்றவர் லூயிஸ். 1949 மார்ச்சில் ஓய்வை அறிவிக்கும் வரை, இடையே போர்க்காலம் உட்பட, 25 முறை அதைத் தக்கவைத்தார். ஹெவிவெயிட்டில் இன்றும் அதை எட்டியவர் இல்லை. 1940 டிசம்பர் முதல் 1941 ஜூன் வரை மாதத்துக்கு ஒருவர் வீதம் ஏழு பேரைச் சந்தித்தார். இன்றைய சாம்பியன்கள் ஆண்டுக்கு இரண்டு போட்டி ஆடினாலே களைத்துப்போகிறார்கள். லூயிஸுக்குக் கிடைத்த பாராட்டு என்ன? அந்த ஏழு பேருக்கும் 'மாதம் ஒரு உதவாக்கரை' என்று பத்திரிகைக்காரர் ஒருவர் பட்டப்பெயர் வைத்தார். எண்பது ஆண்டுக்கு மேலாகியும் உங்கள் கட்டுரைகளில் அந்தக் கேலி உயிரோடு இருக்கிறது.

அந்த உதவாக்கரைகளில் ஒருவரான பட்டி பேர் 1941 மே மாதம் வாஷிங்டனில் முதல் சுற்றிலேயே லூயிஸைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளிவிட்டார். அடுத்த மாதம் வந்த பில்லி கான், எடை குறைந்த பிரிவான லைட் ஹெவிவெயிட்டில் வைத்திருந்த பட்டத்தைத் துறந்துவிட்டு, லூயிஸைவிட 25 பவுண்டு குறைந்த உடலோடு மேடையேறினார். பன்னிரண்டு சுற்று முடிந்தபோது நடுவர் உட்பட மதிப்பெண் போட்ட மூவரில் இருவரின் தாளில் கான் முன்னிலையில் இருந்தார், மூன்றாமவரின் தாளில் சமநிலை. ஓடி விளையாடியே மீதி மூன்று சுற்றையும் கடத்தியிருக்கலாம். பதின்மூன்றாம் சுற்றில் லூயிஸை வீழ்த்தியே தீருவேன் என்று நெருங்கிப் போனார், சுற்று முடிய இரண்டு வினாடி இருக்கும்போது, விழுந்த நிலையில் பத்து எண்ணி முடிக்கப்பட்டார். அதற்கு முன்பு 1939-இல் டோனி கலென்டோ லூயிஸை விழவைத்திருக்கிறார். 1940 பிப்ரவரியில் சிலி நாட்டு ஆர்துரோ கொடோய் குனிந்து குனிந்தே பதினைந்து சுற்றும் தாக்குப்பிடித்தார், மதிப்பெண் தாள்களில் கருத்தும் பிளவுபட்டது. நான்கு மாதம் கழித்து மறுபடி மோதியபோது எட்டாவது சுற்றில் லூயிஸ் அவரை முடித்தார். எனக்கு லூயிஸிடம் மிகவும் பிடித்தது இந்த மறுபோட்டிகள்தான். முதல் முறை புரியாத ஒருவரை இரண்டாம் முறைக்குள் படித்துவிடுவார். மேக்ஸ் ஷ்மெலிங்கிடம் 1936-இல் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்ந்தவர், 1938-இல் அதே ஷ்மெலிங்கை 2 நிமிடம் 4 வினாடியில் முடித்தார். முதல் போட்டியிலேயே திணறடிக்கும் ஆட்கள் இருந்ததால்தான் மறுபோட்டிகள் தேவைப்பட்டன.

உங்கள் வாதத்தை அடியோடு சாய்ப்பவர் ஜெர்சி ஜோ வால்காட். 1947 டிசம்பரில் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் லூயிஸை இரண்டு முறை தரையில் விழவைத்தார். தோற்றுவிட்டோம் என்றே நினைத்து லூயிஸ் முடிவைக் கேட்காமல் மேடையை விட்டு இறங்கப் பார்த்தார். நடுவர் வால்காட்டுக்கே மதிப்பெண் தந்தார், மற்ற இருவர் லூயிஸுக்குத் தந்தார்கள். அடுத்த ஆண்டு மறுபோட்டியில் பதினோராம் சுற்றில் லூயிஸ் அவரை வீழ்த்தினார். அத்தோடு நின்றிருந்தால் வால்காட்டும் உங்கள் உதவாக்கரைப் பட்டியலில் ஒரு பெயர்தான். ஆனால் லூயிஸ் விலகிய பிறகு, 1951 ஜூலையில், பட்டத்துக்கான ஐந்தாவது முயற்சியில், 37 வயதில், எஸ்ஸார்ட் சார்ல்ஸை ஒரே இடக்கைக் குத்தில் சாய்த்து உலகச் சாம்பியன் ஆனார். 1952-இல் அவரிடமிருந்து பட்டத்தைப் பறிக்க, தோல்வியே அறியாத ராக்கி மார்சியானோவுக்குப் பதின்மூன்று சுற்று தேவைப்பட்டது. அதுவரை புள்ளிகளில் வால்காட்தான் முன்னால் இருந்தார். மார்சியானோவின் 49 வெற்றிகளைக் கொண்டாடும்போது வால்காட் மாபெரும் வீரர், லூயிஸின் 25 தக்கவைப்பை எடைபோடும்போது அவரே வயதான சாதாரண ஆள். இரண்டையும் ஒரே கட்டுரையில் படித்திருக்கிறேன்.

லாரி ஹோம்ஸ் விஷயத்தில் எங்கள் ஊருக்கும் சிறு பங்கு உண்டு. 1980-இல் அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். வடசென்னையின் பழைய குத்துச்சண்டைக் குடும்பங்களில் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த நேரத்தில் அலி ஓய்வை அறிவித்துவிட்டவர். பட்டத்தோடு இருந்தவர், ஒரு காலத்தில் அலியோடு பயிற்சி மோதல் ஆடிய ஹோம்ஸ். கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்? அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் ஹோம்ஸ் அலியைப் பத்துச் சுற்று அடித்தார், பதினோராம் சுற்றுக்கு அலியின் மூலையிலிருந்தவர்கள் அவரை அனுப்பவில்லை. உலகமே அந்த வெற்றிக்காக ஹோம்ஸின் மேல் கோபப்பட்டது. தனக்கு முந்தைய ஆட்டக்காரரை மக்கள் மறக்க மறுத்தால், ஆளும் சாம்பியன் எவ்வளவு வென்றாலும் வாடகை வீட்டில் குடியிருப்பவர்தான்.

கோபம் தணிந்த பிறகாவது கணக்கைப் பார்த்திருக்கலாமே. 1979-இல் ஹோம்ஸிடம் பன்னிரண்டாம் சுற்றில் தோற்ற மைக் வீவர், மறு ஆண்டே வேறொரு அமைப்பின் பட்டத்தை வென்றார் (உலகப் பட்டம் தரும் அமைப்புகள் ஒன்றுக்கு மேற்பட்டவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெல்ட்). 1981-இல் தோற்ற டிரெவர் பெர்பிக் 1986-இல் சாம்பியன். 1983-இல் மயிரிழையில் தோற்ற டிம் விதர்ஸ்பூன் அடுத்த ஆண்டே சாம்பியன், 1986-இல் மறுபடியும் சாம்பியன். 1984-இல் தோற்ற 'போன்கிரஷர்' ஸ்மித்தும் 1986 டிசம்பரில் சாம்பியன். ஹோம்ஸ் இல்லாத பக்கமாகப் போனவர்கள் எல்லாம் பெல்ட்டோடு திரும்பினார்கள். இவர்களைத்தான் 'தொலைந்த தலைமுறை' என்று எழுதிவிட்டீர்கள். அவர்களிடம் ஒழுங்கின்மையும் போதையும் புரோமோட்டர்களிடம் மாட்டிக்கொண்ட பரிதாபமும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் உச்சத்தில் இருந்தபோது வழிமறித்து நின்றவர் ஹோம்ஸ். அவருடைய 20 தக்கவைப்புகளை எழுதும்போது இந்த நான்கு பெயரையும் பக்கத்தில் எழுத எவ்வளவு மை செலவாகும்? போதாதென்றால் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1992-இல், 42 வயதில், அதுவரை தோல்வியே காணாத ரே மெர்சரை அதே ஹோம்ஸ் மேடையின் மூலையில் சாய்ந்து நின்றுகொண்டே பாடம் நடத்துவதுபோல வென்றார்.

நீண்ட காலம் ஆண்ட சாம்பியன்கள் எல்லோருக்கும் பூமாலை போடச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர்கள் மேல் சொல்ல வேண்டிய குற்றச்சாட்டு வேறு ஒன்று உண்டு, அதைத்தான் நீங்கள் சொல்வதில்லை. அசைக்க முடியாத சாம்பியனின் உண்மையான அதிகாரம் மேடையில் தெரிவதைவிட ஒப்பந்த மேசையில் அதிகம் தெரியும். யாருக்கு வாய்ப்பு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்வதில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஹோம்ஸ் 1983-இல் கிரெக் பேஜைச் சந்திக்க வேண்டியவர். சந்திக்கவில்லை. பத்தே போட்டி ஆடிய, ஜோ ஃபிரேசியரின் மகன் மார்விஸ் ஃபிரேசியரை ஒரு சுற்றில் முடித்தார். அதைப் பட்டப் போட்டியாக ஏற்க, அவருக்குப் பட்டம் தந்த அமைப்பான டபிள்யூ.பி.சி. மறுத்ததும் அதன் பெல்ட்டை விட்டுவிட்டு, புதிதாக முளைத்த ஐ.பி.எஃப். என்ற அமைப்பின் பக்கம் போய்விட்டார். பட்டம் மேலும் சிதறியதில் அந்த முடிவுக்கும் பங்குண்டு. ஹோம்ஸைக் குறைத்து எழுத வேண்டுமானால் இதை எழுதுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இதைவிடக் கொடிய உதாரணம் ஜாக் ஜான்சன். 1908-இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை அடித்து முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். வெள்ளையர்கள் தனக்கு மூடிவைத்திருந்த கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனவர், உள்ளே போனதும் சாம் லாங்ஃபோர்டுக்கும் ஜோ ஜினெட்டுக்கும் அதே கதவைச் சாத்தினார். லாங்ஃபோர்டுக்கு ஹெவிவெயிட் பட்டப் போட்டி கடைசிவரை கிடைக்கவே இல்லை. ஜான்சன் 1915-இல் ஹவானாவில் பட்டத்தை இழந்த பிறகு, 1937-இல் லூயிஸ் வரும்வரை, எந்தக் கறுப்பின வீரருக்கும் அந்தப் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பு தரப்படவில்லை. 22 ஆண்டுகள். ஜாக் டெம்ப்ஸி ஏழு ஆண்டு பட்டத்தோடு இருந்தார், வரிசையில் முதலில் நின்ற ஹாரி வில்ஸை ஒருநாளும் சந்திக்கவில்லை. அந்தப் போட்டியைத் தடுத்தவர்கள் பலர். அரசியல்வாதிகள், புரோமோட்டர்கள், மக்களின் நிறவெறி என்று எல்லாம் சேர்ந்து தடுத்தன. ஆனாலும் டெம்ப்ஸியின் காலத்தைப் பலவீனமான காலம் என்று நீங்கள் எழுதியதில்லை. அவர் கூட்டத்தை எழுந்து நிற்கவைத்தார், மில்லியன் டாலர் வசூல் கொண்டுவந்தார், அதனால் அது பொன்னான 1920-கள். மாதம் ஒருவரை எதிர்கொண்ட லூயிஸின் காலமோ உதவாக்கரைகளின் காலம். யாரோடும் மோதத் தயங்காதவருக்கு ஏளனமும், மோதவேண்டியவரோடு மோதாதவருக்குப் புராணமும் கிடைத்திருக்கின்றன.

ஜான்சனின் நிழல் லூயிஸ் மேலும் விழுந்தது. வெள்ளையர் யாரையும் வீழ்த்திவிட்டுச் சிரிக்கக்கூடாது, வெள்ளைப் பெண்களோடு படம் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று மேலாளர் ஜான் ராக்ஸ்பரோ அவருக்குக் கட்டளைகள் போட்டிருந்தார். ஒரு சாம்பியன் எப்படி வாழ்ந்தார் என்பது கால் நூற்றாண்டு கழித்து வந்தவர் எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதைக்கூட முடிவு செய்திருக்கிறது. இதையெல்லாம் எந்த எண் வரிசையில் அடக்குவீர்கள் என்று தெரியவில்லை.

கிளிட்ச்கோவின் ஆட்டம் பல இரவுகள் சலிப்பூட்டியது என்பதை நானும் சொல்வேன். 2008 பிப்ரவரியில் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் சுல்தான் இப்ராகிமோவோடு அவர் ஆடியதை மறுபடி பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. 2013-இல் மாஸ்கோவில், தோல்வி காணாத அலெக்சாண்டர் பவெட்கினை நான்கு முறை தரையில் விழவைத்தார். ஆனால் அதற்கு இடையில் கழுத்தின் மேல் சாய்ந்து சாய்ந்து ஆட்டத்தையே மூச்சுத்திணற வைத்தார். அந்த எச்சரிக்கையான ஆட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2003-இல் கோரி சாண்டர்ஸ் இரண்டு சுற்றில் அவரை வீழ்த்தினார், 2004-இல் லேமன் பிரூஸ்டரிடமும் தோற்றார். அப்போது அவர் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவர்ட் அந்த உடைந்த மனிதரை எடுத்து, ஆறரை அடி உயரமும் இடதுகையின் நீளமும் போதும், ஆபத்தை அருகே விடாதே என்று புதிதாகக் கட்டினார். 2006 முதல் 2015 வரை 18 தக்கவைப்புகள். தோல்வியின் பயத்திலிருந்து பிறந்த பாணி ஒரு தலைமுறையின் பாணியாயிற்று. உயரமும் நீண்ட கையும் இல்லாதவர்களுக்கு அங்கே வேலையில்லை என்றானது.

நடந்த இடமும் மாறியது. ஹாம்பர்க், டுசல்டார்ஃப், கெல்சன்கிர்ஹன் அரங்குகள் நிரம்பின, ஜெர்மன் தொலைக்காட்சியில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் விலகியதால் ஹெவிவெயிட்டே செத்துவிட்டது என்று அமெரிக்காவில் எழுதினார்கள். கண்ணுக்குத் தெரியாதது செத்தது ஆகாது. அண்ணன் விட்டாலி 2008 முதல் 2013 வரை இன்னொரு பெல்ட்டை வைத்திருந்தார். இருவரும் ஒருவரோடொருவர் மோதுவதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்ததால், ஒரே சாம்பியன் என்ற நிலை அந்தக் காலத்துக்கு வாய்க்கவில்லை. அது அந்த ஆட்சியின் நியாயமான குறை.

விளாடிமிர் வென்றவர்கள் பலவீனர்கள் என்ற பழைய பல்லவிக்கு மட்டும் 2017 ஏப்ரல் 29 பதில் சொல்லிவிட்டது. வெம்ப்ளியில் 90,000 பேர் முன்னிலையில், 18 போட்டியிலும் நாக் அவுட் செய்த 27 வயது ஆண்டனி ஜோஷ்வா, 41 வயதான, பதினேழு மாதம் மேடையேறாத கிளிட்ச்கோவிடம் ஆறாவது சுற்றில் விழுந்தார். எழுந்து, பதினோராம் சுற்றில் வென்றார் என்பது உண்மை. ஆனால் புதிய தலைமுறையின் நட்சத்திரம் பழைய 'பலவீனமான' காலத்தின் மிச்சத்திடம் அவ்வளவு தூரம் தத்தளித்தது என்றால், மேலே ஆண்டவரும் கீழே தோற்றவர்களும் நீங்கள் எழுதிய அளவுக்கு மோசமில்லை. பவெட்கினையே பாருங்கள். 2020-இல், நாற்பத்தொன்றைத் தொட நாட்களே இருந்த நேரத்தில், நான்காம் சுற்றில் இரண்டு முறை விழுந்து எழுந்து, ஐந்தாம் சுற்றில் ஒரே குத்தில் டிலியன் வைட்டை உறங்கவைத்தார்.

இனி உசிக். 2021-லும் 2022-லும் ஜோஷ்வாவை வென்றார். 2024 மே 18 அன்று ரியாத்தில் அதுவரை தோற்காத டைசன் ஃபியூரியை வென்று நான்கு அமைப்புகளின் பெல்ட்டையும் சேர்த்தார், டிசம்பரில் ஃபியூரியை மறுபடி வென்றார். இடையில் ஐ.பி.எஃப். பெல்ட்டை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டேனியல் டுபுவாவை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தி அதையும் மீட்டார். எடை குறைந்த பிரிவான குரூசர்வெயிட்டிலிருந்து மேலே வந்த, தன்னைவிடப் பெரியவர்களோடு மட்டுமே மோதிய மனிதர். கிளிட்ச்கோ காலம் எழுதிவைத்த 'பெரிய உடம்புதான் வெல்லும்' என்ற விதியைக் கால்களாலேயே அழித்தவர். இதற்குள் உங்களில் சிலர் ஆரம்பித்துவிட்டீர்கள்: ஜோஷ்வாவுக்கு முன்பே நம்பிக்கை போய்விட்டது, ஃபியூரி குடித்துக் கெட்டவர், டுபுவாவுக்கு மனவுறுதி இல்லை. 2019-இல் இதே மூவரையும் பற்றி நீங்கள் எழுதியவற்றை எடுத்து ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த பட்டியலில் ஒவ்வொரு நீண்ட ஆட்சிக்கும் பக்கத்தில் எதிராளிகளின் கணக்கை எழுதுங்கள், ஆனால் சாம்பியனிடம் தோற்ற போட்டியைக் கழித்துவிட்டு எழுதுங்கள். அவர்கள் அதற்கு முன்பு யாரை வென்றார்கள், அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று சேருங்கள். வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களின் பெயரையும் மறைக்காமல் எழுதுங்கள், மறுத்தது சாம்பியனா, புரோமோட்டரா, அமைப்பா என்பதோடு. அதற்குப் பிறகும் ஒரு காலம் பலவீனமானது என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள், நான் வாதாட வரமாட்டேன். உசிக் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். புதிய முறையை அவரிடமிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியல்களை ஆண்டுதோறும் வாசித்துச் சண்டைபோடும் ஒரு தமிழ் வாசகன்